சேலத்து ஸ்பேர்ஸ் கடைக்காரர்களுக்கு ஒரு கொலுசுக்காரனின் மடல்

அண்ணன்மாரே, வணக்கம்.

சேலம் டவுனில் பைக் ஸ்பேர்ஸ் கடை வைத்திருப்பவர்கள், பட்டறை போட்டிருப்பவர்கள், பழைய வண்டியைப் பிரித்துச் சாமான் சாமானாக விற்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். விற்கிற சாமான் என்ன தரம் என்று சொல்லி விற்க வேண்டும், பரணில் கிடக்கிற பழைய சரக்கை எடைக்குப் போடக் கூடாது, கேட்க வந்தது இதுதான். என் பெயர் உங்களுக்குத் தெரியாது, முகம் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். மத்தியான வேளையில், நீங்கள் சாப்பாட்டு டிபனைத் திறக்கிற நேரமாகப் பார்த்து வந்து, கைக்குட்டையில் சுற்றின கிரீஸ் பிடித்த சாமான் ஒன்றைக் கவுண்டரில் வைத்து, "அண்ணா, இதே மாதிரி" என்பானே, அவன்தான் நான். சாப்பாட்டு நேரத்தில் வந்ததற்கு முதலில் மன்னிப்பு. எங்கள் பட்டறையில் எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்கும்.

தொழில் கொலுசு. சிவதாபுரத்தில் ஒரு வெள்ளிப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை. வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100, 1994 மாடல், டிஎன் 27 நம்பர். 2022-ல் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வாங்கினேன். காபி எஸ்டேட் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் ஓட்டிய வண்டி, அவர் போன பிறகு பிள்ளைகள் காபி காயவைக்கிற களத்து ஓரமாகத் தார்ப்பாயைப் போர்த்தி நிறுத்திவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி சில்வர் ஓக் இலையைக் கிழித்து மெத்தை போட்டுக் குட்டியே போட்டிருந்தது. டேங்க்குக்குள் டார்ச் அடித்தால் செம்மண் ரோடு மாதிரி துரு. ஆனால் மீட்டர் கண்ணாடி உடையவில்லை, சைடு கவர் இரண்டும் இருந்தன, டேங்க்கில் கம்பெனி பெயின்ட் மேல் ஒரு கோட்டிங்கூட ஏறவில்லை. பழைய வண்டி தேடுகிறவனுக்கு இது போதும், புத்தி வேலை செய்யாது. வாங்கிவிட்டேன்.

1994-ல் பதிவான வண்டி, 15 வருஷம் முடிந்து 2009-ல் ஒரு தடவை, அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை என்று ஆர்சி புதுப்பித்து வந்திருக்கிறார்கள், அடுத்த கெடு 2024. படிவம் 25 எழுதி, அப்போதிருந்த கட்டணம் 1,000 ரூபாய் கட்டி (2022 ஏப்ரலுக்கு முன்னால் இது 300-தான்), வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது. ஹாரன் அடிக்க வேண்டும், இண்டிகேட்டர் நாலும் எரிய வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், புகை கக்கக் கூடாது. அந்தக் கெடுவை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கடைகளுக்கு வர ஆரம்பித்தவன்தான், கெடு முடிந்து புத்தகமும் கைக்கு வந்துவிட்டது, நான் வருவது நிற்கவில்லை.

இதையெல்லாம் கம்பெனிக்கு எழுத வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இந்த வண்டியை 1985-ல் எஸ்கார்ட்ஸ்காரர்கள் ஜப்பான்காரர்களோடு சேர்ந்து கொண்டுவந்தார்கள், 1996-ல் நிறுத்தியாயிற்று. அவர்கள் அதற்குப் பிறகு எத்தனையோ மாடல் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு இந்த வண்டி ரோட்டில் ஓடுகிறதென்றால் அதற்குக் காரணம் நீங்கள்தான், அதனால் கோபமும் உங்கள் மேல்தான் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிராங்க் ஆயில் சீல்.

தெரியாதவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒரு வரி. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க்குக்கு, அதாவது பிஸ்டன் சுற்றிவிடுகிற தண்டுக்கு, ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் உண்டு. இந்த வண்டியில் வலது பக்கம் கிளட்ச், இடது பக்கம் கரண்ட் எடுக்கிற மேக்னெட். வலது சீல் போனால் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக் குடித்துவிட்டு வெள்ளையாகப் புகை விடும். இடது சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும், ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் சத்தம் இறங்காமல் மேலேயே நின்று கத்தும். காற்று கூடி, பெட்ரோல் குறைந்து ஓடினால் சூடு ஏறி ஒரு நாள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். என் வண்டிக்கு ரெண்டும் போயிருந்தது.

முதல் கடையில் கேட்டேன். "ஒரிஜினலா அண்ணா?" "ஒரிஜினல்தான் தம்பி, கம்பெனி சாமான்." கவர் நன்றாகத்தான் இருந்தது, பெயர் அச்சடித்திருந்தது, பளபளவென்று ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தது. மூன்று வாரம். கழற்றிப் பார்த்தால் சீலின் உள் உதடு, கிராங்க்கைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டிய அந்த மெல்லிய விளிம்பு, பழைய செருப்பு வார் மாதிரி வெடித்திருந்தது. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் கம்பி கழன்று தனியாக வந்தது. இன்னொரு கடைக்குப் போனேன், அவரும் "ஒரிஜினல்தான்" என்றார், விலை கொஞ்சம் கூட. அது ஒரு மாதம் வந்தது. ஒவ்வொரு தடவையும் மேக்னெட்டைக் கழற்ற வேண்டும், கிளட்ச் பக்கம் பிரிக்க வேண்டும், பேக்கிங் மாற்ற வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், ஒரு நாள் வேலை போகும். சீல் என்னமோ அறுபது ரூபாய்தான்.

அந்த இரண்டு கடைக்காரர்களும் பொய் சொன்னார்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. உங்கள் தொழிலில் ஒரிஜினல் என்கிற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று இந்த இரண்டு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டேன். வண்டிக் கம்பெனி கவரில் வருவது ஒரு ஒரிஜினல். வண்டிக் கம்பெனிக்குச் சாமான் செய்து கொடுக்கிறவரே தன் பெயரில் தனி டப்பாவில் விற்பதும் ஒரிஜினல், பல நேரம் நமக்கு நல்லதும் மலிவானதும் அதுதான். யாரோ பெயர் தெரியாதவர் செய்து, அச்சு அசலாகக் கவர் அடித்து வருகிறதே அதற்கும் ஒரிஜினல் என்றுதான் பெயர். வேறொரு வண்டியிலிருந்து கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருப்பதை "ஒரிஜினல் கழட்டினது" என்கிறீர்கள், அது உண்மையிலேயே ஒரிஜினல், ஆனால் எவ்வளவு தேய்ந்தது என்பது வேறு கதை. ஐந்தாவதாக ஒன்று உண்டு, "ஒரிஜினல் மாதிரியேதான் தம்பி". இந்த ஐந்துக்கும் உங்களுக்குள் வேறு வேறு பெயர் இருக்கிறது, போனில் மொத்தக் கடைக்காரரிடம் பேசும்போது தெளிவாகப் பிரித்துச் சொல்கிறீர்கள், நானே காதால் கேட்டிருக்கிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனிடம் வரும்போது மட்டும் எல்லாம் ஒரே சொல்லாகிவிடுகிறது.

இப்போது என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். நீங்களும் சேலத்துக்காரர்கள், தெரிந்திருக்கும். கொலுசு வியாபாரத்தில் வாயைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி "என்ன டச்?" என்பது. 70 டச் என்றால் நூற்றுக்கு 70 பங்கு வெள்ளி, மீதி செம்பு கிம்பு. 80 டச் என்றால் அதற்கேற்ற விலை. 70 டச் கொலுசு விற்கிறவனை யாரும் திருடன் என்று சொல்வதில்லை, அதற்கென்று வாங்குகிற ஆள் இருக்கிறார், குழந்தைக்கு வருஷம் ஒரு தடவை மாற்றுகிற கொலுசுக்கு அது போதும். ஆனால் 70-ஐ 80 என்று சொல்லிவிட்டால் அத்தோடு அவன் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தலை காட்ட முடியாது. வெள்ளிக் கட்டி கொடுத்தவருக்குக் கொலுசாகத் திருப்பும்போது சேதாரம் இத்தனை கிராம் என்று எழுதித்தான் கொடுக்க வேண்டும், தரையில் விழுந்த பொடிக்குக்கூடக் கணக்கு உண்டு, நாங்கள் பட்டறையைக் கூட்டின குப்பையையே எடுத்து வைக்கிற ஆட்கள்.

நான் கேட்பது அவ்வளவுதான். டச் சொல்லி விற்பனை செய்யுங்கள். "இது லோக்கல் தம்பி, ஆறு மாசம் வரும், இருநூறு ரூபா. இது செய்கிற கம்பெனி சாமான், நானூறு. கம்பெனி கவர் இப்ப வர்றதில்ல." இந்த மூன்று வாக்கியம் போதும். நான் எதை வாங்குவது என்று என் பாக்கெட் முடிவு செய்துகொள்ளும். சைடு ஸ்டாண்ட் ஸ்பிரிங்குக்கு நான் எதற்கு ஒரிஜினல் தேட வேண்டும்? லோக்கலே போதும். கிரிப் ரப்பர் லோக்கல் போதும். பிரேக் ஷூ மட்டும் அப்படி வாங்க முடியாது.

பிரேக் ஷூவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். போன வருஷம் ஐப்பசியில், மழை விட்ட ஒரு மாலை, ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் என் மாமா பையன். மேலே 1,500 மீட்டர் உயரம், கீழே அடிவாரம் வரைக்கும் 20 கொண்டை ஊசி, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதி வளைவு தாண்டியிருப்போம். பின் பிரேக்கை மிதிக்கிறேன், சக்கரத்துக்குள்ளிருந்து டப்பாவில் கல் போட்டு ஆட்டின மாதிரி ஒரு சத்தம், அப்புறம் டக்கென்று சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி ஈர ரோட்டில் குறுக்காகத் திரும்பி, கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. எதிரில் வந்த பஸ் டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை, நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், ஷூவின் அலுமினியத்தில் ஒட்டியிருக்க வேண்டிய லைனிங் முழுசாகப் பெயர்ந்து வந்து டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது. லைனிங் தேயவே இல்லை. பசைதான் விட்டுவிட்டது. தரையில் ஓட்டினால் ஒரு வருஷம் தாங்கியிருக்கும், டிரம் கொதிக்கக் கொதிக்க மலை இறங்கினால் தாங்காத பசை. அதை வாங்கும்போது நான் எதற்கு வாங்குகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "ஏற்காடு போற வண்டிங்களா?" என்று ஒரு கேள்வி. ஏற்காட்டை முதுகில் வைத்துக்கொண்டிருக்கிற ஊர்க்கடையில் அந்தக் கேள்வி இருக்க வேண்டாமா?

அன்றைக்கு மாமா பையன் வண்டியில் ஏற மாட்டேன் என்று அடிவாரம் வரைக்கும் நடந்தே வந்தான். அது தனிக் கதை.

அப்புறம் நம்பர். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர் இருக்கிறது, பழைய கவர் ஏதாவது கையில் கிடைத்தால் பாருங்கள். யமஹா நம்பரில் முதல் மூன்று எழுத்து எந்த மாடலுக்காக முதலில் செய்தது என்று சொல்லும், ஆர்எக்ஸ் 100-க்கு 1எல்1. நடுவில் இருக்கிற ஐந்து எண் என்ன சாமான் என்று சொல்லும், 11631 என்று இருந்தால் எந்த யமஹாவாக இருந்தாலும் அது ஸ்டாண்டர்டு பிஸ்டன்தான். கடைசி இரண்டு எண் பிற்பாடு செய்த மாற்றத்துக்கு. இது தெரிந்துவிட்டால் கைக்குட்டையில் சாமானைச் சுற்றிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டியதில்லை. நம்பரைக் கேட்டு விற்பனை செய்கிற கடை நம் ஊரில் ஒன்றிரண்டுதான் நான் பார்த்தது, மற்ற இடங்களில் நான் நம்பர் சொன்னால் "நம்பரெல்லாம் வேண்டாம் தம்பி, சாமானைக் காட்டு" என்கிறார்கள். காட்டினால், கண்ணால் அளந்து, பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இதேதான்" என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் ஒரு மில்லி வித்தியாசம்.

பேரிங் கடைக்காரர்களைப் பாருங்கள். 6204 என்று கேட்டால் உள் விட்டம் 20 மில்லி, வெளி விட்டம் 47, கனம் 14. சேலத்தில் கேட்டாலும் செக்கோஸ்லோவாக்கியாவில் கேட்டாலும் அதேதான் (அந்த நாடே இப்போது இல்லை, 6204 இருக்கிறது). கிராங்க் பேரிங் என்றால் பின்னால் சி3 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், சூட்டில் விரிவதற்குக் கொஞ்சம் இடைவெளி கூடுதலாக விட்ட பேரிங் அது. அதை எனக்குச் சொன்னதே ஒரு பேரிங் கடைப் பையன்தான், இருபது வயது இருக்கும். "கிராங்க்குக்கா? அப்ப இது வேண்டாங்கண்ணா, சி3 தர்றேன்" என்று எடுத்ததை உள்ளே வைத்துவிட்டு வேறு எடுத்துக் கொடுத்தான். விலையும் பெரிதாகக் கூடவில்லை.

அந்த இரண்டு சீலும் போன பிறகு மூன்றாவது சீலை எப்படி வாங்கினேன் என்று சொல்லவில்லையே. டவுனுக்குள் ஒரு சந்தில் ஒரு பெரியவர் கடை, போர்டுகூட வெயிலில் வெளுத்து எழுத்து தெரியாது. இடம் சொல்ல மாட்டேன், சொன்னால் அடுத்த வாரமே பெங்களூரிலிருந்து ஆள் வந்து மொத்தமாக வாரிக்கொண்டு போய்விடுவார்கள். அவரிடம் போய்ச் சீல் கேட்டேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துப் புரட்டி, பரண்மேல் ஏறச் சொல்லி என்னையே ஏற்றிவிட்டார். மேலே அப்படி ஒரு உலகம். தினத்தந்தித் தாளில் சுற்றி, சணல் கட்டி, பென்சிலில் நம்பர் எழுதின பொட்டலங்கள். ராஜ்தூத்துக்கு, எஸ்டிக்கு, சுசுகி ஏஎக்ஸ் 100-க்கு, ஹீரோ ஹோண்டா சிடி 100-க்கு. ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் மெழுகுத்தாளுக்குள் கிளட்ச் கியர், அன்றைக்குத் தடவின கிரீஸ் தேன் மாதிரி கெட்டிப்பட்டு அப்படியே நிற்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கீழேயிருந்து "தும்மாதே, மேலே பல்பு ஆடும்" என்றார்.

சீல் பொட்டலமும் கிடைத்தது. கம்பெனி கவர், சந்தேகமே இல்லாத அந்தக் காலத்துச் சரக்கு. எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் வாங்கி, கவரைக் கிழித்து, சீலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மேசைமேல் தட்டினார். டொக் என்றது. "கேட்டியா சாமி? ரப்பரு. முப்பது வருசம் கிடந்தா கல்லாயிரும். இரும்புச் சாமான் எங்கிட்ட எதுவேணாலும் வாங்கு, ரப்பர் வாங்காதே. இதுல சைஸ் போட்டிருக்கு பாரு, அந்த மூணு நம்பரை எழுதிக்கிட்டுப் போய் பேரிங் கடையில நல்ல கம்பெனி சீலா கேளு." அன்றைக்கு அவருக்கு என்னிடமிருந்து ஒரு ரூபாய் வரவில்லை. நான் கேட்கிற விலையைக் கொடுத்திருப்பேன், கல் மாதிரி இருந்த அந்தச் சீலையே கும்பிட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பேன், அது அவருக்கும் தெரியும். பேரிங் கடையில் வாங்கிய சீல் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு கிளட்ச் கியர், கிக்கர் ஷாஃப்ட், பின் ஸ்பிராக்கெட் ஹப் எல்லாம் அவரிடம்தான், பேரம் பேசாமல்.

இப்போது கெட்ட செய்தி. அவருக்கு வயதாகிவிட்டது. மகன் வேறு வேலையில் இருக்கிறார், அந்தப் பரணில் இருப்பது அவருக்கு இரும்பு. இப்படி இன்னொரு கடை இருந்தது, நான் கேள்விப்பட்டுப் போவதற்குள் மூடிவிட்டார்கள், பக்கத்து டீக்கடையில் விசாரித்தால் "எல்லாத்தையும் எடைக்குப் போட்டாங்களே, ரெண்டு குட்டியானை லோடு" என்றார். கிலோக் கணக்கில்! காயலாங்கடைக்காரர் அந்தப் பொட்டலங்களைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார், தாளோடு போட்டால் எடை கூடும் என்று போட்டவர்களும், தாளைக் கழித்து எடை பார்த்தவரும், அந்தச் சண்டைதான் நடந்திருக்கும். அதில் எத்தனை வண்டிக்கு உயிர் இருந்ததோ.

அதனால் உங்களிடம் ஒன்று கெஞ்சியே கேட்கிறேன். பரணில், மாடிப்படிக்கு அடியில், வீட்டுக் கொல்லையில் பழைய சரக்கு வைத்திருக்கிற கடைக்காரர்கள் ஒரு நோட்டுப் போடுங்கள். நம்பர் தெரிந்தால் நம்பர், தெரியாவிட்டால் "எஸ்டி, கிளட்ச் பக்கம், பித்தளை புஷ்" என்று உங்கள் பாஷையில் எழுதினால் போதும். எழுத ஆள் இல்லை என்றால் பழைய வண்டி வைத்திருக்கிற நாங்கள் வருகிறோம், ஞாயிற்றுக்கிழமை வந்து பரணில் ஏறி, தூசி தட்டி, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறோம், சம்பளம் வேண்டாம், டீ மட்டும். அந்த நோட்டை நாலு கடைக்காரர்கள் உங்களுக்குள் மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் இல்லை, அவரிடம் இருக்கிறது என்று கைகாட்டி விடுங்கள், வியாபாரம் போய்விடாது, கைகாட்டி விட்ட கடைக்குத்தான் நான் செயின் வாங்கவும் வருவேன். கடையை மூடுகிற முடிவுக்கு வந்தால் காயலாங்கடைக்குப் போன் போடுவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள். எடைக்குக் கிடைக்கிற காசைவிட நிச்சயம் அதிகம் தருவோம்.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு சின்னப் பத்தி. பழைய சாமானைக் கையில் கொடுங்கள். மாற்றினீர்கள், காசு வாங்கினீர்கள், கழற்றினது எங்கே என்று கேட்டால் "அது எதுக்குங்க, குப்பை" என்கிறீர்கள். அந்தக் குப்பையில்தான் நம்பர் இருக்கிறது, சைஸ் இருக்கிறது, எந்தப் பக்கம் தேய்ந்தது என்கிற தடயம் இருக்கிறது. என் வண்டியைப் பிரித்தபோது பிஸ்டன் தலையில் 75 என்று குத்தியிருந்ததைப் பார்த்துத்தான் ஏற்கெனவே மூன்று தடவை போர் பண்ணியாயிற்று (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடுவது), 0.25, 0.50, 0.75 மில்லி போய் இனி ஒரு மில்லி சைஸ் மட்டும் பாக்கி, அதற்கப்புறம் சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்குகிற ஸ்லீவ்தான் என்று தெரிந்தது. அதை நீங்கள் மூலையில் வீசியிருந்தால் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, தனி டேங்க்கிலிருந்து எஞ்சினுக்கு ஆயில் தள்ளுகிற பம்ப்பை வெட்டிவிடுகிற பழக்கம். "பம்ப்பு தொல்லைங்க, பெட்ரோல்ல ஆயிலைக் கலந்து ஊத்திக்கங்க" என்று இந்த ஊரில் பாதி ஆர்எக்ஸ்களுக்கு நீங்கள் வைத்தியம் பார்த்துவிட்டீர்கள். சமவெளியில் ஓடுகிற வண்டிக்குச் சரி. ஏற்காட்டு ரோட்டில் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை மூடி இறங்கும்போது என்ன ஆகிறது? எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, பெட்ரோல் உள்ளே போவது சொட்டுச் சொட்டாக, ஆயிலும் அதோடுதானே போக வேண்டும், அதுவும் சொட்டு. பம்ப் இருந்தால் ஆக்ஸிலேட்டர் மூடியிருந்தாலும் எஞ்சின் சுற்றுகிற சுற்றுக்கு அது குறைந்தபட்ச ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மலையடிவாரத்து ஊரில் வெட்ட வேண்டிய கடைசிச் சாமான் அது. எஸ்டேட் பெரியவர் வண்டி அத்தனை வருஷம் நாகலூருக்கும் டவுனுக்கும் ஏறி இறங்கியிருக்கிறது, பம்ப்பை யாரும் தொடவில்லை.

நாங்களும் ஒன்றும் யோக்கியம் இல்லை, தெரியும். கவுண்டரில் நின்றுகொண்டே போனை எடுத்து "ஆன்லைன்ல இதைவிடக் கம்மிண்ணா" என்று உங்கள் முகத்துக்கு நேராகக் காட்டுகிறோம், அங்கே வாங்கி, படத்தில் ஒன்றும் பார்சலில் ஒன்றுமாக வந்து, பொருந்தாமல் மறுபடி உங்களிடமே வந்து நிற்கிறோம். ஐம்பது ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம், லோக்கல் விலைக்கு ஒரிஜினல் கேட்கிறோம், அப்புறம் நீங்கள் லோக்கலை ஒரிஜினல் என்றால் கோபப்படுகிறோம். ஒன்று கேட்டுப் பத்து எடுத்துப் போடச் சொல்லிவிட்டு "அப்புறம் வர்றேன்" என்று போகிறோம். அதைவிட மோசம், ராத்திரி முழுக்க ஊரை எழுப்புகிற சைலன்சர்தான் வேண்டும் என்று நச்சரித்து, நீங்களும் நல்ல ஒரிஜினல் சைலன்சரை வாங்கி மூலையில் போட்டுவிட்டுக் குழாய் மாட்டிக்கொடுக்கிறீர்கள், நாளைக்குப் போலீஸ் பிடித்தால் அந்த ஒரிஜினலைத் தேடி மறுபடி உங்களிடமே. பிரித்த வண்டி விற்கிறவர்களிடம் எஞ்சின் கேஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று நம்பர் பார்க்காமல் வாங்குகிறவர்களும் எங்களில்தான் இருக்கிறார்கள். ஆர்சி புத்தகத்தில் ஒரு எஞ்சின் நம்பர், வண்டியில் இன்னொன்று என்று போய் நின்றால் யார் என்ன சொல்லியும் தப்பிக்க முடியாது. அந்த ஒரு சாமானை மட்டும், யாருடைய வண்டி, தாள் எங்கே என்று நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

ஆக நானும் ஒரு முறை வைத்துக்கொள்கிறேன். உங்கள் கடைக்கு வரும்போது வண்டி மாடல், வருஷம், சாமான் நம்பர் மூன்றையும் சீட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். டச் சொன்னால் பேரம் பேச மாட்டேன். லோக்கல் என்று சொல்லி விற்ற சாமான் ஆறு மாதத்தில் போனால் கொண்டுவந்து கவுண்டரில் போட்டுச் சத்தம் போட மாட்டேன், சொல்லித்தானே கொடுத்தீர்கள்.

சீட்டு இப்போதைக்கு இது. யமஹா ஆர்எக்ஸ் 100, 1994. பெட்ரோல் டேங்க் மூடி ஒன்று. இப்போது மாட்டியிருப்பது பளபளவென்று இருக்கிறது, ஆனால் டேங்க் நிரப்பிக்கொண்டு ஏற்காடு ஏறினால் ஒவ்வொரு ஊசியிலும் ஒரு சொட்டு வழிந்து, முப்பது வருஷம் தாங்கிய கம்பெனி பெயின்ட்டில் மூடியைச் சுற்றி நிலா மாதிரி ஒரு வட்டம் வெளுத்துக்கொண்டிருக்கிறது. கழற்றினது பரவாயில்லை. சாவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் தெருவில் பூட்டு வேலை தெரிந்தவர் இருக்கிறார். உள் வாஷர் கல்லாகியிருந்தால் சொல்லிவிடுங்கள், அதை மட்டும் புதிதாக வெட்டிக்கொள்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கிளம்புவேன், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
சிவதாபுரத்துக் கொலுசுக்காரன்